ஒற்றுப்பிழை

தெலுக் இந்தான் தென்றல் எழுதிய தொடர்கதையில் வந்த திருடன் மகா முட்டாள். யுகேந்திரனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சுத்தியலால் அடித்துக் கிரில் கதவின் பூட்டை உடைக்கிறானாம். அக்கம் பக்கத்தில் யாருக்குமே காது கேட்காதா? போதாக்குறைக்கு, 'கதவை திறந்தான்', 'நகையை தேடினான்' என்று வரிக்கு வரி ஒற்றைக் காணோம். நகைக்கு முன்பே 'த்' எல்லாவற்றையும் அந்தத் திருடன் மூட்டை கட்டிவிட்டான் போலிருந்தது.

'ஈயக்குட்டை எழுத்தாளர்கள்' என்ற அந்த வாட்சாப் குழுவில் நூற்று முப்பது பேர். யார் எதை எழுதினாலும் 'அருமை' என்று போட்டு, கூடவே ஒரு ரோஜாப்பூப் படத்தையும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முழுதாகப் படித்துப் பிழை சொல்கிறவன் யுகேந்திரன் ஒருவன்தான். ரப்பர் மரமெல்லாம் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், ஆறு வருடமும் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவன். ஜெலாப்பாங்கில் ஏர்கோன் பழுது பார்க்கிறவனுக்கு இவ்வளவு வாயா என்று இரண்டு கவிஞர்கள் அவனை பிளாக் செய்திருந்தார்கள்.

தென்றல் அப்படி இல்லை. பிழை சொன்ன அன்றே பதில் போட்டார்.

'நன்றி தம்பி. நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா படிக்கிறீங்க. இன்னும் சொல்லுங்க.'

யுகேந்திரன் அதை நாலு தடவை படித்தான். இப்படி ஒரு வார்த்தையை அவனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து குழுவிலேயே கேள்வி மேல் கேள்வி. கிரிலைச் சத்தமில்லாமல் எப்படித் திறப்பான்? நாய் குரைத்தால் என்ன செய்வான்? பீரோ சாவியைப் பெண்கள் எங்கே ஒளித்து வைப்பார்கள்? மற்றவர்கள் அந்தக் கேள்விகளுக்கும் 'அருமை' போட்டார்கள். யுகேந்திரன் மட்டும் மெனக்கெட்டுக் குரல்பதிவு அனுப்பினான்.

“அக்கா, வீடு வீடா ஏர்கோன் கழுவப் போறேன்லா, எல்லாம் கண்ணுல படும். சாவி அரிசி டின்னுலதான் இருக்கும். நாய்க்கு ரெண்டு பிஸ்கட் போட்டா அதுவே கேட்டு வரைக்கும் வந்து வழியனுப்பும்.”

குழுவை நடத்தும் பழனியப்பன் அந்தக் குரல்பதிவைக் கேட்ட கையோடு போனில் கூப்பிட்டார்.

“டேய் யுகேன், அந்தப் பொம்பள கேக்குறது கதைக்குக் கேக்குற மாதிரியா இருக்கு? எவன் வீட்டுக்கோ பிளான் போடுதுலா. நீ வேற உக்காந்து பாடம் எடுக்குற. நாளைக்கு பொலிஸ் வந்தா உன்னையும் சேர்த்துத்தான் தூக்குவான். ஜாகா-ஜாகா, பாத்து இரு!”

“கற்பனைதாண்ணே. எழுத்தாளருன்னா நாலும் கேக்கத்தான் செய்வாங்க.”

சொல்லிவிட்டானே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. அடுத்த வாரமே தென்றலிடமிருந்து செய்தி வந்தது. 'கதை முடியப் போகுது தம்பி. ஈப்போவுக்கு வாரேன். நேர்ல பார்த்து திருத்தி குடுங்களேன்.'

ஞாயிற்றுக்கிழமை காலை. லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. தென்றலுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி, பூப்போட்ட கைப்பை.

“என் பேரு பியாட்ரிஸ், தம்பி. தென்றல்லாம் சும்மா குழுவுக்கு வச்சுக்கிட்டது.”

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தது. அச்செடுத்த இருபது பக்கங்களை அவன் முன்னால் வைத்தார் பியாட்ரிஸ். வைக்கும்போதே அவர் கண் பக்கத்து மேசைக்குப் போய் வந்தது. அங்கே தடித்த ஆள் ஒருவன், ரொட்டி சானாயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் லேசாகத் தலையாட்டியதை யுகேந்திரன் பார்த்துவிட்டான். பழனியப்பன் சொன்னது ஞாபகம் வந்தது.

“அக்கா, நெசமாவே இது கதைதானே?”

“கதைதான் தம்பி. முடிவு மட்டும் நெசமா அமையணும்னு ஆசை. ஏன், பயமா இருக்கா?”

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தான். ஆனால் முதல் பக்கத்தின் முதல் வரியே, 'கொள்ளை அடிக்க திட்டமிட்டான்' என்று பல்லைக் காட்டியது. கை தானாகப் பேனாவை எடுத்தது. ஐந்து நிமிடத்தில் பயம், தடித்த ஆள் எல்லாம் மறந்துபோனது. பக்கத்துக்குப் பக்கம் 'க்', 'ச்', 'த்', 'ப்' என்று வாரி இறைத்தான். ஓரிடத்தில் ஓரமாக, 'இவ்வளவு முட்டாளாக எந்தத் திருடனும் இருக்க மாட்டான்' என்றும் எழுதினான். பியாட்ரிஸ் கன்னத்தில் கை வைத்து, அவன் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தே தாரிக்கில் ஆடை படிந்து போயிருந்தது.

கடைசிப் பக்கம் முடிந்ததும் பியாட்ரிஸ் காகிதங்களை அடுக்கினார். கைப்பையில் வைக்கவில்லை. பக்கத்து மேசை ஆளிடம் நீட்டினார். அவன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை வெளியே எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பொறுமையாகப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, யுகேந்திரனின் தோளில் கை வைத்தான்.

“அக்கா... என்னக்கா இது?”

பியாட்ரிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

“போன கிறிஸ்மஸுக்கு நாங்க சர்ச்சுக்குப் போயிருந்தப்ப வீட்டு நகையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனவன், மேசையில கெடந்த என் கதை நோட்டுல ஒற்றுப்பிழையெல்லாம் திருத்தி வச்சிட்டுப் போயிருந்தான் தம்பி, அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் ஏழு மாசமா ஒவ்வொரு குழுவாப் போய்த் தப்புத் தப்பா எழுதிக்கிட்டு இருக்கேன்.”