மூச்சிலும் ஈரம்

பனிமுகாமில் நேற்று மாலை மின்சாரம் தரும் ஹைட்ரஜன் பெட்டியை நிறுத்திய பிறகும், பொறியாளர் செண்பகவல்லி அதற்குள் அரைமணி நேரம் வெறுங்காற்றை ஊதவிட்டாள். “நின்ன மிஷினுக்கு எதுக்குத் தாயி விசிறிவிடுதிய?” என்று சிரித்தார் டீசல் மெக்கானிக் தாவீது. “இது கரண்டோட தண்ணியும் விடும்ணே. உள்ள ஈரம் தங்குச்சுன்னா உறைஞ்சு தொண்டைய அடச்சிரும்” என்றாள். விடிந்தபோது மைனஸ் முப்பது. தாவீதின் ஜெனரேட்டரில் டீசல் மெழுகாக உறைந்து கிடந்தது. கூடாரத்துக்குள் ஒரு சிப்பாயின் பிராணவாயுக் கருவி கடைசி பேட்டரியில் முனகிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். இனி, தான் சுரக்கும் தண்ணீர் உறைவதற்குள் பெட்டி தானாகவே சூடேறியாக வேண்டும். மின்னளவு காட்டும் முள் எழுந்தது, துவண்டது. தாவீதுக்குப் பொறுக்கவில்லை, காற்று போகும் வாயருகே குனிந்து, அடுப்பை ஊதுவதுபோல ஊதப் போனார். “ஊதாதீங்கண்ணே,” அவள் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “உங்க மூச்சுலயும் ஈரம் இருக்கு.” அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். முள் மெல்ல நிமிர்ந்தது. கூடாரத்துக்குள் முனகல் நின்று, கருவி சீராக இரையத் தொடங்கியது. பெட்டியின் வால்குழாயில் ஆவி பறக்க ஒரு சொட்டு திரண்டது. தாவீது, அடக்கிய மூச்சை இன்னும் விடாமல், கையுறையைக் கழற்றி அதன் கீழே உள்ளங்கையை நீட்டினார்.