தோளில் ஏறிய குடம்

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில், தகரக் கொட்டகைக்குள் ஒரு கொரியாக் குடும்பம் காட்டூர் தனசேகரிடம் பானை வனையப் பழகுகிறது. கார் கம்பெனி வேலைக்காக வந்து தங்கியிருப்பவர்கள். அம்மாவுக்கு முழங்கை வரை களிமண். மகள் சக்கரத்தில் கிண்ணத்தைக் கோணலாக்கிவிட்டுச் சிரிக்கிறாள். தகரம் வெயிலில் டக் டக்கென்று முறுக்கிக்கொள்கிறது. வாசலில் ஹேமாவதி கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். நேற்றுக் காலையில் போன அவள் புருஷனின் படகு இன்னும் திரும்பவில்லை. கொரியாக்காரர் விளையாட்டாகத் தண்ணீர்க் குடத்தை இடது தோளில் தூக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி வருகிறார். மனைவி செல்போனில் படம் பிடிக்கிறாள். குடத்திலிருந்த ஒரு கீறல் வழியாகத் தண்ணீர் அவர் முதுகில் ஒழுகுகிறது, சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் முன் குடத்தோடு பிணத்தைச் சுற்றுகிறவனின் முதுகில் ஒழுகுவதைப் போலவே. ஹேமாவதி திரும்பிப் பார்க்கிறாள். “டேய் தனசேகரு, யாருக்குடா சுத்தறான் இவன்?” “அவுங்களுக்கு இன்னாக்கா தெரியும், வெளாட்டுதான்” என்கிறான் அவன். “உனக்குத் தெரியுமில்ல? பல்லக் காட்டிக்கினு நிக்கிற! எறக்கச் சொல்லுடா!” அந்த அலறலில் கொரியாக்காரரின் தோள் குலுங்க, குடம் அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்து உடைகிறது. அவர் ஹேமாவதியின் முன்னால் வந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, மன்னிப்புக் கேட்டு இடுப்பு வரை குனிகிறார். “எங்கிட்ட இன்னாத்துக்குக் குனியற? போய்யா! எங்க வூட்ல யாரும் சாவல!”