ஆறாவது தொட்டி

மூன்றாவது நாளாக இன்றும் அவர் அழுதுகொண்டிருந்தார்.

சமையலறை ஜன்னல் வழியே அவளுக்குக் கணவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. தோட்டத்து மூலையில், ஆறாவது தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கஞ்சிக் கிண்ணம். ஒரு வாய் குடிப்பதும், தோள் துண்டால் கண்ணைத் துடைப்பதும், மூக்கை உறிஞ்சுவதுமாக இருந்தார்.

அவளுக்கு வேலையே ஓடவில்லை. தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மெஷின் மேல் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து ஒரே காலரை மூன்று முறை தைத்துப் பிரித்துவிட்டாள்.

இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டிய மனுஷன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அன்றுகூடக் கண் கலங்காதவர். வயிற்றுப் புண் முற்றி, ஆபரேஷன் ஆகி, நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறார். காரம் கண்ணிலேயே படக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, அவள் மிளகாய்த்தூள் டப்பாவைக் குப்பைக்கு அனுப்பிவிட்டாள்.

காரம்தான் இல்லை, வாசனையாவது இருக்கட்டும் என்று குடைமிளகாய் வளர்த்தாள். போன வருடம் வைத்தவை வேர் அழுகிச் செத்துப்போயிருந்தன. அதனால் இந்த முறை ஒட்டுக் கட்டினாள். எதற்கும் அசையாத காட்டு மிளகாய் நாற்று கீழே, குடைமிளகாய்த் தளிர் மேலே. இரண்டையும் பிளேடால் சாய்வாகச் சீவிப் பொருத்தி, சின்ன பிளாஸ்டிக் கிளிப் மாட்டினாள். ஆறு தொட்டி, ஆறு செடி.

"கிளிப்புக்குக் கீழ எது துளிர்த்தாலும் உடனே கிள்ளிடணும். விட்டா வேர் தன் குணத்தக் காட்டிடும்" என்று சொல்லிக்கொடுத்தபோது, "அந்த வேலைய எங்கிட்ட விடு" என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவரை வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்தவரில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் டாக்டரிடம் தனியாகத்தான் போய்வந்தார். "புண்ணு ஆறிடுச்சாம். ஆனா இன்னும் மூணு மாசம் இதே கஞ்சிதானாம்." இவ்வளவுதான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த அழுகை. இன்னொன்றும் அவளை அரித்தது. நான்கு மாதமாகப் பாதிக் கஞ்சியை மீதி வைத்தவர், இந்த மூன்று நாளாகக் கிண்ணத்தை வழித்துக் காலி செய்கிறார். என் மனசு நோகக் கூடாது என்று குடிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இன்னைக்கும் தோட்டத்துல உக்காந்து அழறார்."

"டாக்டர் எழுதின சீட்டப் பாத்தியா?"

"பாத்தேன். அந்தக் கிறுக்கல் யாருக்குப் புரியுது?"

"எங்க வீட்டுக்காரரும் கடைசி மாசம் இப்படித்தான்டி. எனக்குத் தெரியாம மொட்டை மாடியில போய் நிப்பார். நீ போய்ப் பக்கத்துல உக்காரு. ஒண்ணும் கேக்காத."

கேட்காமல் எப்படி இருப்பது? அடுப்பை அணைத்தாளா இல்லையா என்றுகூட நினைவில்லாமல் தோட்டத்துக்கு நடந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டதும் அவர் அவசரமாகக் கிண்ணத்தின் மேல் துண்டைப் போட்டு மூடினார். கண் இரண்டும் சிவந்திருந்தன, மூக்கு நுனியும்.

"மறைக்காம சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

"அதான் சொன்னேனே. ஆறிடுச்சு."

"ஆறினவர் எதுக்கு அழணும்?"

"யாரு அழுதா? கண்ணுல தூசி."

"மூணு நாளா ஒரே தூசியா?"

அவர் ஆறாவது தொட்டியைப் பார்த்தார். அந்தத் தொட்டியை மட்டும் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்திருந்தார். மற்ற ஐந்தையும்விட அந்தச் செடி அடியில் புதர் மாதிரி மண்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் கண்ணுக்கு அது தப்பியிருக்காது. இன்று செடியா முக்கியம்?

"எதுவா இருந்தாலும் சேந்தே பாத்துக்கலாம்" என்றாள். குரல் உடைந்தது. "இனிமே நீங்க குடிக்கிற கஞ்சியத்தான் நானும் குடிக்கப் போறேன்."

சொல்லிக்கொண்டே துண்டை விலக்கிக் கிண்ணத்தை எடுத்தாள்.

அவர் பதறி எழுந்தார். முக்காலி உருண்டது. "வேணாம்மா, அதக் குடு. எச்சில்."

"எச்சில் பாத்தா இத்தன வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

அவர் கைக்கு எட்டாமல் திரும்பிக்கொண்டு, பெரிய வாயாக ஒன்று குடித்தாள். பல்லில் பீன்ஸ் துண்டு போல ஏதோ கடிபட்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நொடி நாக்கு பற்றி எரிந்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேச முடியாமல் அவரையே பார்த்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கிளிப்புக்குக் கீழ துளிர்த்ததுல ஒண்ணே ஒண்ண மட்டும் கிள்ளாம விட்டுட்டேன்."