மூலைக்கும் எட்டும் பாட்டு

"என்னாப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசற? பேசறதா இருந்தா என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

கரீமுக்குச் சுருக்கென்றது. ஓசூரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பஸ் மேல் ஏற்றி, கிருஷ்ணகிரியில் இறக்கி, இப்போதுதான் ஒயரைக் கையில் எடுத்திருக்கிறான். வந்த மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணீர் தரவில்லை, அதற்குள் அதிகாரம்!

அதட்டியவர் கல்குவாரி காண்ட்ராக்டர் திம்மராயன். வீடு அவருடையது. 1957ல் அந்த ஊரில் கிராமபோனும் ஆம்ப்ளிஃபயரும் வைத்திருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டு பெட்டிகளில் ஒன்று சீமைச் சரக்கு. பெங்களூரிலிருந்து தருவித்தது. மற்றது ரேடியோ மெக்கானிக் கரீமே பலாப்பலகையில் செய்தது. அவன் செய்த முதல் பெட்டி. விவரம் தெரிந்த ஒருத்தர் வாயால் 'நல்லாயிருக்கு' என்று வந்துவிட்டால், ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிடலாம் என்றிருந்தான்.

முதலில் சீமைப் பெட்டியில் ஒரு தெலுங்குப் பாட்டைப் போட்டான்.

"எதிர்ல இந்த நாற்காலில உக்காருங்கண்ணா. பாட்டு நேரா வந்து விழும்."

"நாற்காலி கெடக்கட்டும். சரசா! நீ உன் வேலையைப் பாரு."

சரசம்மா அடுப்படியிலிருந்து அம்மிக்குப் போனாள். அம்மியிலிருந்து பின்கட்டுத் தண்ணீர்த்தொட்டிக்குப் போனாள். நின்ற இடத்திலிருந்தே திம்மராயன் பார்வையும் அவள் பின்னாலேயே போனது.

கரீமுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேற்று ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டானாம், பெண்டாட்டியைக் காவல் காக்கிறார்!

"இது வேணாம். தொட்டிகிட்டப் போனா விட்டுப்போவுது" என்றார் திம்மராயன்.

கரீம் திகைத்தான். உண்மைதான். சீமைப் பெட்டி பாட்டை எதிரே மட்டும்தான் அனுப்பும். பக்கவாட்டில் நகர்ந்தால் வார்த்தை மழுங்கிவிடும். ஆனால் இவர் நகரவே இல்லையே?

தன் பெட்டியை மாட்டி அதே பாட்டைப் போட்டான். அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர்களை ஆளுக்கொரு திசையாகச் சாய்த்து வைத்திருந்தான், பாட்டு விசிறி மாதிரி விரியட்டும் என்று.

"ஒரு பாட்டாவது முழுசா கேளுங்கண்ணா" என்றான், அவர் முதுகைப் பார்த்து.

பதில் இல்லை. திமிர், வேறென்ன!

சரசம்மா மறுபடி அம்மி, தொட்டி, விறகு மூலை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திம்மராயன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான். இதையே வெச்சிரு."

சந்தோஷப்பட வேண்டிய கரீமுக்கு மனசு சப்பென்று ஆனது. காது கொடுத்தே கேட்காதவர் சொல்லி என்ன புண்ணியம்?

"சீமைப் பெட்டின்னா நாலு பேரு வந்து பாப்பாங்கண்ணா" என்று எதிரே வந்து சொல்லிப் பார்த்தான்.

"பாக்கறதுக்காப்பா பாட்டுப் பெட்டி?" என்று சிரித்துவிட்டு, சீமைப் பெட்டியைத் திருப்பி அனுப்ப ஜட்கா பார்க்கத் தெருவுக்குப் போனார்.

சரசம்மா மோர் கொண்டுவந்தாள். கரீமால் அடக்க முடியவில்லை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் பாட்டையே கவனிக்கலை. உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. எதை வெச்சி இந்தப் பெட்டியப் புடிச்சாரு?"

"பாட்டு காதுல விழுந்தா என் வாயும் கூடவே பாடும், தம்பி. எந்த மூலைக்குப் போனா என் உதடு நின்னுபோவுதுன்னு பாத்தாரு. உன் பெட்டிக்கு எங்கயும் நிக்கலை."

"அதுக்கு அவரே நடந்து கேட்டிருக்கலாமே?"

"குவாரி வெடில அவருக்குக் காது போயி ஆறு வருஷமாச்சு" என்றாள் சரசம்மா. "இந்த வீட்ல பாட்டு கேக்கறவ நான் ஒருத்திதான்."