தோல் உறையில் இருந்த பெரிய லென்ஸ்

போர்னியோ காட்டுக்கு வந்து இரண்டு மாதமாகியும் பெரிய லென்ஸ் தன் தோல் உறையை விட்டு வெளியே வரவில்லை.

“அண்ணே, உறை ஈரமா இருக்கு, பூஞ்சை வாடை வேற அடிக்குது, கண்ணாடியில படர்ந்துடும். எங்க டப்பாவுக்கு வந்துடுங்க, ஈரத்தை நான் உறிஞ்சிடுறேன்” என்றது சிலிக்கா பொட்டலம்.

“உன் மேலயே ‘தின்னக்கூடாது’ன்னு எழுதியிருக்கு. உன்கூட நான் படுக்கணுமா? இது அசல் தோல். இருவாச்சிப் பறவை வரட்டும், அப்புறம் பாரு என்னை!”

சின்ன லென்ஸ் மட்டும் தினமும் வெயிலில் படமெடுத்துவிட்டு வந்து பொட்டலத்தின் பக்கத்தில் தூங்கியது.

கடைசி நாள் இருவாச்சி வந்து எதிர்க்கிளையிலேயே உட்கார்ந்தது. பெரிய லென்ஸ் கம்பீரமாகக் கேமராவில் ஏறியது.

“சே, இன்னைக்குன்னு பார்த்தா இப்படிப் பனி மூடணும்!” என்றது பெரிய லென்ஸ்.

சின்ன லென்ஸ் டப்பாவிலிருந்து எட்டிப் பார்த்தது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.