மூன்று பெடல்கள்

ஓசூர் கார் தொழிற்சாலையின் கடைசிச் சோதனை வரிசையில் ஒரு வெள்ளைக் காரின் மேல் குழல்விளக்கின் வெளிச்சம் கோடுகோடாக விழுகிறது. சோதனை செய்யும் சுசித்ரா கதவைத் திறந்து குனிந்து டார்ச் அடிக்கிறாள். கீழே இடது காலால் மிதிக்கும் கிளட்ச்சோடு சேர்த்து மூன்று பெடல்கள் இருக்கின்றன. கண்ணாடியில் ஒட்டிய ஆர்டர் தாளிலோ ஆட்டோமேட்டிக் கியர் என்று அச்சாகியிருக்கிறது. வாங்குபவருக்கு இடது கால் இயங்காது என்ற குறிப்பும் அடியில் இருக்கிறது. பட்டியலில் அவள் விரல் ஓடி நிற்கிறது. இதேபோல இன்னொரு வெள்ளைக் கார் காலை ஷிப்டிலேயே வாசலில் நிற்கும் லாரியில் ஏறிவிட்டது. இரண்டின் தாள்களும் மாறியிருக்கின்றன.

சூப்பர்வைசர் ஹரீஷ்குமார் வேகமாக வருகிறார். “என்னம்மா, இன்னும் சீல் போடலையா? லாரி கெளம்பப் போவுது.” “தாள் மாறிப்போச்சு சார். லாரியில இருக்கிற வெள்ளைக் காரை எறக்கணும்.” “அது மேல்தட்டுல முன்னாடி நிக்குது. அஞ்சு வண்டிய எறக்கினாத்தான் அது வரும். ஷோரூம்ல பாத்துக்குவாங்க, விடு.” “அது திருநெல்வேலிக்குப் போவுது சார், இது கிருஷ்ணகிரிக்கு. சாவிய வாங்கி ஆசையா உக்காந்தவரு, ஓட்ட முடியாம எறங்கணுமா? நான் சீல் போட மாட்டேன்.” அவள் ரப்பர் சீலைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுகிறாள். வெளியே லாரி உறுமுகிறது. ஹரீஷ்குமார் தாளையும் பெடல்களையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிறகு வாசலுக்குப் போய்க் கையை உயர்த்துகிறார். “நில்லுப்பா, ஆஃப் பண்ணு.” உறுமல் அடங்குகிறது. இரும்புச் சரிவுப்பலகை தரையில் மோதிச் சத்தமிடுகிறது. பின்விளக்கு சிவக்க, முதல் கார் மெல்லப் பின்னோக்கி இறங்குகிறது. சுசித்ரா வெயிலில் நின்று இரண்டு கைகளையும் அசைக்கிறாள். “வரட்டும், வரட்டும்.”