தொட்டி மேல் மாரிக்கனி

"எறங்கி வந்துருத்தா, எதுன்னாலும் பேசிக்கிடலாம்!" என்று கீழேயிருந்து கத்தினார் அப்பா சண்முகவேல்.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மாரிக்கனிக்கு எரிச்சலாக வந்தது. பாலவனத்தத்துக்குப் பக்கத்து ஊர் அது. வீட்டில் போன் பேசலாம், நெட்தான் வராது. தொட்டி மேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். வளர்ந்த பிள்ளை விழுந்தா விடும்? இந்த அப்பாவுக்கு எல்லாமே பயம்.

மாரிக்கனி பெங்களூரில் கருந்துளைகளை ஆராய்கிறவள். எக்ஸ்ரே கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால், அவர்களுடைய தொலைநோக்கி பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. பல வருஷமாகச் சும்மா கிடந்த கருந்துளை ஒன்று இன்று காலை திடீரென்று பக்கத்து நட்சத்திரத்தை இழுத்து விழுங்க ஆரம்பித்துவிட்டது. விழுகிற வாயு கொதித்து எக்ஸ்ரேயாகக் கொட்டுகிறது. இன்றைக்கே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பியாக வேண்டும். விட்டால் அவள் ஆயுசுக்குள் மறுபடி வாய்க்குமோ என்னவோ. அவள் லீவில் வந்த நேரம் பார்த்தா அதற்குப் பசிக்க வேண்டும்?

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே கூட்டம் கூடிக்கொண்டே போனது. குழாயடியில் காலிக் குடத்தோடு காத்துக் கிடந்த பெண்களும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் ஜீப்பே வந்து நின்றது. அரசாங்கத் தொட்டியில் ஏறியதற்குக் கேஸ் போட்டு, வேலைக்கே உலை வைத்துவிடுவார்களோ?

இறங்கிவிடலாம் என்று எழுந்தபோதுதான் பதில் வந்தது. தொலைநோக்கியைத் திருப்புகிறார்களாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கேஸாவது ஒன்றாவது என்று மளமளவென இறங்கினாள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், ஜீப்பில் வந்த அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே மேல ஏறிறாதீகம்மா. புது மோட்டார ஜீப்புலயே கொண்டாந்துட்டோம். சாயங்காலம் தண்ணி வந்துரும்."

பெண்கள் குலவை போட்டார்கள். மாரிக்கனி திருதிருவென்று விழித்தாள். அப்பாவை ஓரமாக இழுத்துப்போய், பாவம் அவர் தப்பாக நினைத்துவிட்டார், நெட்டுக்காகத்தான் ஏறினேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"வாயத் தொறக்காத," சண்முகவேல் காதோடு சொன்னார். "அது எனக்குத் தெரியாதாக்கும்? மோட்டார் ஓடலன்னு மனு குடுத்துக் குடுத்துக் கைதான் வலிச்சது, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அதேன் நீ ஏறுனதும், தண்ணி கேட்டு விஞ்ஞானியே தொட்டி மேல ஏறி ஒக்காந்துட்டாகன்னு ஆபீசுக்கு நானே போனப் போட்டேன்."